துணையும் தனிமையும்

தமிழில் 'துணை' என்னும் சொல் ஆழ்ந்து எண்ணத்தக்கது. உடன் வருபவரைக் குறிப்பதும் அச்சொல்லே. உதவியைக் குறிப்பதும் அதுவே. அளவைக் குறிப்பதும் அதுவே. 'வழித்துணை' என்னும்போது உடன் வருபவர் நினைவுக்கு வருகிறார். 'எத்துணை', 'இத்துணை' என்னும்போது அளவு நினைவுக்கு வருகிறது. உடன் வருபவரும் அளவும் ஒரே சொல்லுக்குள் எங்ஙனம் அடங்கின என்று வகுப்பறையில் மாணவர் நம்மை வினவியதுண்டு. சொற்பிறப்பு ஆய்வோர் கூறும் விடை எதுவாயினும் ஆகுக. அவ்வினாவிற்கு நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து ஒரு விளக்கம் கிடைத்தது. அது இலக்கிய மேடையன்று. தென்னாப்பிரிக்க மலைப்பாதைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு மிதிவண்டிப் பந்தயம்.

நம் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது கேப் டவுன் நகரில் கணினிப் பணியில் இருக்கிறார். சென்ற விடுமுறையில் ஊர் வந்தவர், நம்மைக் காண இல்லத்திற்கு வந்திருந்தார். ஸலாம் கூறி அமர்ந்தவரின் முழங்காலில் நீண்ட தழும்பு ஒன்று தெரிந்தது. என்ன என்று கேட்டோம். மலைச் சைக்கிள் பந்தயத்தில் விழுந்தது என்றார். அன்று மாலை தொடங்கிய பேச்சு இஷாத் தொழுகைக்கான அழைப்பு வரும்வரை நீண்டது. அவர் சொல்லிச் சென்ற பின்னரும், அப்பந்தயங்களைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்தோம். அவற்றின் பயனே இக்கட்டுரை.

இருவர் மிதிவண்டியில் செல்வது என்றால் நம்மூரில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. ஒருவர் மிதிப்பார், மற்றவர் பின்னால் கேரியரில் அமர்ந்திருப்பார். 'டபுள்ஸ்' என்று அதற்குப் பெயர். மேட்டில் ஏறும்போது பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து வருவது அதன் அறம். ஆனால் மேற்சொன்ன பந்தயத்தில் இருவருக்கும் தனித்தனி வண்டி, தனித்தனிக் கால்கள், தனித்தனி மூச்சு. எனினும் அவ்விருவரும் ஒருவராகவே எண்ணப்படுவர். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது; சிறப்பும் தொடங்குகிறது.

'கேப் எபிக்' என்பது அப்பந்தயத்தின் பெயர். 2004ஆம் ஆண்டு தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில் நடைபெறுகிறது. முன்னோட்டமாக ஒரு நாள், பின்னர் நாளொன்றுக்கு ஒரு கட்டமாக ஏழு நாட்கள், ஆக எட்டு நாட்கள் ஓட்ட வேண்டும். மொத்தத் தொலைவு 600 முதல் 700 கிலோமீட்டர் அளவில் அமையும். தொலைவைவிட ஏற்றமே கொடியது. எட்டு நாட்களின் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 15,000 மீட்டர் வரும். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால், கடல் மட்டத்திலிருந்து அச்சிகரத்தை ஐந்து முறைக்கு மேல் ஏறுவதற்கு அது நிகர் என்பது விளங்கும். கல்லும் மணலும் புழுதியும் நிறைந்த பாதை. இரவில் கூடாரத்தில் உறக்கம். மறுநாள் விடியலில் மீண்டும் புறப்பாடு.

இப்பந்தயத்தில் இருவர் இருவராகவே பெயர் கொடுக்க வேண்டும். வழி நெடுகிலும் அவ்விருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்திற்கு மேல் இடைவெளி விழலாகாது. விழுந்தால் அணியின் நேரத்தோடு தண்டமாக நேரம் கூட்டப்படும். ஒருவர் முன்னால் பறந்து சென்று இலக்கை அடைந்துவிட்டாலும் பயனில்லை. இரண்டாமவர் கோட்டைக் கடக்கும் நேரமே அணியின் நேரம். நுகத்தில் பூட்டிய காளைகளை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றை விட்டு மற்றொன்று செல்ல இயலாது. ஏனெனில் கழுத்தில் மரம் இருக்கிறது. இவ்வீரர்களின் கழுத்தில் மரம் இல்லை. இரண்டு நிமிடம் என்னும் விதியே அவர்களின் நுகத்தடி.

எல்லா மலைப் பந்தயங்களும் இவ்வாறு அமைந்தவையல்ல. நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிகா நாட்டில் 1993இல் தொடங்கப்பெற்ற 'லா ரூட்டா' என்னும் பந்தயம் பசிபிக் கடற்கரையில் தொடங்கிக் கரீபியக் கடற்கரையில் முடிவது. அது தனியோட்டம். ஆஸ்திரேலியாவில் 1995இல் தோன்றிய 'குரோக்கடைல் டிராபி'யும் தனியோட்டமே. இதற்கு மாறாக, ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்து இத்தாலியில் முடியுமாறு 1998இல் தொடங்கிய 'டிரான்ஸ்ஆல்ப்' பந்தயம் இணையோட்டமாக அமைந்தது. ஆளரவமற்ற மலையில் ஒருவர் விழுந்து கிடந்தால், உதவியை அழைக்க மற்றொருவர் வேண்டுமல்லவா? கேப் எபிக்கைத் தோற்றுவித்த கெவின் வெர்மாக் என்பவர் தனியோட்டமாகிய லா ரூட்டாவில் ஓட்டியதால் ஊக்கம் பெற்றவர். ஆயினும் தம் நாட்டில் பந்தயம் அமைத்தபோது இணையோட்டத்தையே தேர்ந்தெடுத்தார் என்பது கருதத்தக்கது.

தனியோட்டத்தின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அதில் சாக்குப்போக்கிற்கு இடமில்லை. விரைந்தவனும் நான்; தளர்ந்தவனும் நான்; வென்றால் வெற்றி என்னுடையது; தோற்றால் பழியும் என்னுடையது. தன்னைத் தான் அறிவதற்கு அதைவிடத் தெளிவான கண்ணாடி வேறில்லை. அந்தத் தனிமை எவ்வளவு கடுமையாகப் போற்றப்பட்டது என்பதற்குச் சாலைப் பந்தய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1913ஆம் ஆண்டின் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தில், பிரெனீஸ் மலையின் டூர்மலே கணவாயில் இறங்கும்போது யூஜீன் கிறிஸ்டோஃப் என்னும் வீரரின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது அக்கால விதி. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, அடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஒரு கொல்லன் உலையைக் கண்டார். தாமே இரும்பைக் காய்ச்சி, தாமே அடித்து, கவையைச் செப்பம் செய்தார். ஆனால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்பதற்காக நடுவர்கள் அவருக்குத் தண்டம் விதித்தனர்! ஊதிய காற்றுக்கும் கணக்கு வைத்த காலம் அது. தனியோட்டத்தின் பெருமையும் கொடுமையும் ஒருசேர விளங்கும் நிகழ்ச்சி இது.

இனி இணையோட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். இருவர் சேர்ந்தால் சுமை பாதியாகும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஒருவர் எட்டு நாட்களையும் முடிப்பதற்குப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் முடிப்பதற்கான வாய்ப்பு நூற்றில் 81 பங்காகக் குறைந்துவிடும். வண்டி இரண்டு, டயர் நான்கு, செயின் இரண்டு, வயிறு இரண்டு. எது பழுதானாலும் இருவரும் நிற்க வேண்டும். தனியே ஓட்டுபவனுக்குத் தன் தளர்ந்த நாள் மட்டுமே தளர்ந்த நாள். இணையில் ஓட்டுபவனுக்குத் தன்னுடையதும் தளர்ந்த நாள். துணைவனுடையதும் தளர்ந்த நாள். ஆக, இணையோட்டம் எளிதாக்குவதற்காக ஏற்பட்டதன்று. அது வேறொரு வகையான கடினம்.

அக்கடினத்தைத் தாங்குவதற்கு உரிய உத்திகளும் உண்டு. சமவெளியில் எதிர்க்காற்று வீசும்போது வலியவர் முன்னால் செல்வார். மெலியவர் அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருவார். முன்னவர் காற்றைக் கிழிப்பதால் பின்னவருக்கு உழைப்பு குறையும். ஏற்றத்தில் வேகம் குறைவு. ஆகவே காற்றின் தடையும் குறைவு. பின்னால் ஒளிந்து பயனில்லை. அங்கே மெலியவரை முன்னால் விட்டு, அவர் வேகத்திற்கு வலியவர் தம்மை அடக்கிக்கொள்வதே அறிவுடைமை என்கின்றனர். வலியவர் முன்னே சென்றால், தம்மை அறியாமலே சற்று விரைவார். பின்னவர் விடக்கூடாது என்று மூச்சை இழப்பார். ஒரு மணி நேரத்தில் இருவரும் நின்றுவிடுவர். சில வேளைகளில் வலியவர் தம் ஒரு கையைத் துணைவரின் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே மேடேறுவதும் உண்டு. அந்தக் கையைப் பற்றித்தான் நம் மாணவர் நெடுநேரம் பேசினார்.

அவர் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தம் அலுவலக நண்பர் ஒருவருடன் அப்பந்தயத்தில் ஓட்டினார். நண்பர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஏற்றங்களில் நம் மாணவரே வலியவர். இரண்டாம் நாளிலிருந்து நண்பரின் முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. நான்காம் நாள் இரவு நண்பருக்கு வயிற்று நோய் கண்டது. ஐந்தாம் நாள் காலை அவரால் எழ இயலவில்லை. துணையை இழந்தவர் விரும்பினால் தனியராகத் தொடரலாம். ஆனால் அணிகளின் வரிசையில் அவருக்கு இடமில்லை. முன்னணி வீரர்களுள் இவ்வாறு தனித்து விடப்பட்டோர்க்குச் சிறுத்தைப் புள்ளிகள் பொறித்த சட்டை ஒன்றும் அப்பந்தயத்தில் ஏற்படுத்தப்பட்டது. தனித்து வாழும் விலங்கு சிறுத்தை என்பது அதன் குறிப்பு. நம் மாணவர் முன்னணி வீரரல்லர். எனவே சிறுத்தைச் சட்டையும் இல்லை. எஞ்சிய நான்கு நாட்களையும் தனியே ஓட்டி முடித்தார்.

"வருத்தமாக இருந்திருக்குமே?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இல்லை ஐயா. அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த நான்கு நாட்களும் நான் விரைவாக ஓட்டினேன். மகிழ்ச்சியாகவும் ஓட்டினேன். காத்திருக்க வேண்டியதில்லை, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை."

இவ்விடையை நாம் எதிர்பார்க்கவில்லை. துணையின்றித் துவண்டேன், நட்பின் அருமையை உணர்ந்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் நம் உள்ளம் மகிழ்ந்திருக்கும். ஆனால் ஒன்றும் கற்றிருக்க மாட்டோம். அவர் உண்மையைச் சொன்னார். வலிமையுள்ள எவனுக்கும் கட்டவிழ்ந்து ஓடுவதில் ஓர் இன்பம் உண்டு. அவ்வின்பம் குற்றமன்று. எனவே அவரிடம் வேறொன்று கேட்டோம்: "முதல் நான்கு நாட்களில் உமக்கு எது கடினமாக இருந்தது? தள்ளியதா?" அவர் தலையை அசைத்தார். "தள்ளுவது எளிது ஐயா. கை வலிக்கும், அவ்வளவே. தள்ளும்போது முகம் சுளிக்காமல் இருப்பதுதான் கடினம். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனாலும் கையின் அழுத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும், நான் சினத்தோடு தள்ளுகிறேனா, இல்லையா என்று."

இச்சொற்கள் நம் நெஞ்சில் தைத்தன. கொடுப்பவனின் மனநிலை கையின் அழுத்தத்தில் தெரிந்துவிடும் என்பது பந்தயத்திற்கு மட்டும் உரிய உண்மையா? ஏழை மாணவனுக்குத் தேர்வுக் கட்டணம் செலுத்துபவர், முதிய பெற்றோரைப் பேணுபவர், தளர்ந்த உறவினரைத் தாங்குபவர் அனைவருக்கும் உரியதன்றோ? மறுபுறமும் உண்டு. முதுகில் கையை ஏற்பவரின் நிலை அதனினும் அரிது. உடல் தளர்ந்த துயர் ஒன்று. தம்மால் மற்றவர் பின்தங்குகிறாரே என்னும் துயர் மற்றொன்று. அவர் நாணி, "நீ போ" என்று கூறிவிட்டால் விதி உடைந்துவிடும். நாணத்தை விழுங்கிக்கொண்டு, மிதிப்பதை நிறுத்தாமல், அக்கையை ஏற்க வேண்டும். கொடுப்பதில் செருக்கின்மை, கொள்வதில் நாணமின்மை என்னும் இரண்டையும் இணையோட்டம் ஒருங்கே கேட்கிறது. தனியோட்டம் இவ்விரண்டையும் கேட்பதேயில்லை.

அங்ஙனமாயின் தனித்து வெல்லும் ஆற்றலும் இணைந்து ஓடும் பண்பும் ஒன்றுக்கொன்று பகையோ என்றால், அன்று. சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் தனியராகப் பத்து முறை உலக வாகையர் பட்டம் வென்றவர். அவரே 2017, 2019, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில், மூன்று வெவ்வேறு துணைவர்களுடன் கேப் எபிக்கையும் வென்றார். துணைவர் மாறியபோதெல்லாம் புதிய ஒருவரின் மூச்சைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும் அல்லவா?

இன்னொரு வரலாறு நெஞ்சை உருக்குவது. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசரும் தென்னாப்பிரிக்காவின் பரி ஸ்டாண்டரும் இணைந்து 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இப்பந்தயத்தை வென்றனர். சவுசர் பதினோர் ஆண்டுகள் மூத்தவர். 2008இல் உலக வாகையர். ஸ்டாண்டர் வளர்ந்துவந்த இளைஞர். 2012 இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றவர். 2013 சனவரி 3ஆம் நாள், தம் ஊருக்கு அருகே பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வாடகைச் சிற்றுந்து ஒன்று மோதி ஸ்டாண்டர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த பந்தயத்திற்கு மூன்று திங்கள்கூட இல்லை. சவுசர் விலகவில்லை. இலண்டனில் தங்கம் வென்ற செக் நாட்டு வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவியுடன் இணைந்து அவ்வாண்டும் ஓட்டினார், வென்றார். தனியோட்ட வீரன் ஒருவன் மறைந்தால் பட்டியலில் ஒரு பெயர் குறையும். இணையோட்ட வீரன் மறைந்தால், எஞ்சியவரின் பக்கத்தில் ஓர் இடம் வெற்றிடமாகிறது. அவ்விடத்தில் இன்னொருவரை ஏற்று ஓட்டுவது மறதியாகாது. துணையாக இருக்கக் கற்றவர், கற்றதைக் கைவிடவில்லை என்றே அதற்குப் பொருள்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது நம் துறையில் எழுந்துள்ள ஒரு கருத்து வேறுபாட்டையும் ஈண்டுக் குறிப்பிடத் தோன்றுகிறது. இறுதியாண்டு மாணவர் இருவர் சேர்ந்து ஓர் ஆய்வேடு எழுதி, இருவரும் ஒரே மதிப்பெண் பெறுவது நம் துறை வழக்கம். "நான் எழுதினேன், அவனும் மதிப்பெண் பெற்றான்" என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் முறையிடுகின்றனர். ஆளுக்கொரு ஆய்வேடாக மாற்றிவிடலாம் என்னும் கருத்து துறைக் கூட்டத்திலும் வந்தது. அம்முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக எழுதிய நாட்களில் தனியேதான் எழுதினோம். நூலகத்தில் தனித்திருந்து பெற்ற உரம் இன்றும் நமக்குக் கைகொடுக்கிறது. அவ்வுரம் ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும்.

ஆயினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். ஆறு பருவத் தேர்வுகளும் தனியோட்டங்களே. தரவரிசை தனியோட்டம், வேலைக்கான நேர்முகம் தனியோட்டம். மூன்றாண்டுப் படிப்பில் இணையோட்டமாக எஞ்சியிருப்பது அந்த ஓர் ஆய்வேடு மட்டுமே. அதையும் நீக்கிவிட்டால், முகம் சுளிக்காமல் கைகொடுக்கவும் நாணாமல் கைகொள்ளவும் நம் மாணவர் எங்கே பழகுவர்? எனவே அது நீடிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். மலைப் பந்தய வீரர்கள் துணைவரைத் தேரும்போது கால்வலிமை ஒத்திருப்பதைவிட நோக்கம் ஒத்திருப்பதையே பெரிதெனக் கொள்கின்றனர். வெல்ல வந்தவனும் முடித்தால் போதும் என்று வந்தவனும் இணைந்தால், இருவருக்கும் எட்டு நாட்களும் துன்பமே. நாமோ வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி இருவர் இருவராகப் பிரித்துவிடுகிறோம். மாணவரே பேசி, நோக்கம் ஒத்தவரைத் தேர்ந்துகொள்ள இடமளித்தால் முறையீடுகள் பெரிதும் குறையும்.

தனியோட்டம் ஒருவரின் வலிமை எத்துணை என்று காட்டுகிறது. அவ்வலிமை மற்றொருவருக்கு எத்துணைப் பயன்படும் என்பதை இணையோட்டம் காட்டுகிறது. உடன் வருபவரும் அளவும் ஒரே சொல்லில் அடங்கியதன் நயம் இதுவெனவே நாம் கருதுகிறோம். முதல் அளவை அறியாதவர் இரண்டாவதில் பிறருக்குச் சுமையாவார். இரண்டாவதை அறியாதவர் முதலாவதில் வென்றும் தம் வெற்றியைப் பகிர ஆளின்றி நிற்பார். ஆகவே மாணவச் செல்வங்கள் இரண்டையும் பழகுதல் நலம்.

நம் மாணவரின் செய்தியையும் சொல்லி முடிப்போம். அடுத்து வந்த ஆண்டுகளில் பந்தய நாட்கள் ரமளான் நோன்பு நாட்களோடு சேர்ந்து வந்தமையால் அவர் பெயர் கொடுக்கவில்லை. இப்போது மீண்டும் பயிற்சியில் இறங்கியிருப்பதாக அண்மையில் மடல் எழுதியிருந்தார். துணைவர் யார் என்று விடைமடலில் கேட்டோம். அதே நண்பர்தான் என்று எழுதினார். சொல்லாமல் வைத்திருந்ததையும் அவரிடம் சொல்லிவிட்டாராம். நண்பர் சிரித்துவிட்டு, "எனக்கு அப்போதே தெரியும், இம்முறை ஏற்றங்களில் என்னை முன்னால் விடு" என்றாராம்.